அடியில் இருந்த பைல்

நிலக்ஷிக்குப் 'பெரட்டு' என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். பொய் சொல்ல மாட்டேன், அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்ச நாள் பெருமைகூட இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவதைத்தான் பெரட்டு என்பார்கள். நுவரெலியாவில் நாங்கள் படித்த கொம்பியூட்டர் நிலையத்தில் வகுப்பு எட்டரைக்குத் தொடங்கும். அவள் ஏழு மணிக்கே வந்து, பூட்டிய கேட்டுக்கு முன்னால், கைகளைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு நிற்பாள்.

"ஏன்டி இப்பிடி விடிய முன்னம் வந்து நிக்கிற? பேரு கூப்பிடுவாங்கன்னா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பழக்கம். எங்கம்மா சொல்லும், முந்திப் போனாத்தான் கொழுந்து எடுக்க நல்ல நெரை கெடைக்கும்னு. பிந்திப் போனா கல்லும் குழியுமா உள்ள நெரை. இன்னும் பிந்தினா பேரே இல்ல, வீட்டுக்குப் போன்னு திருப்பி அனுப்பிருவாங்க."

அன்றைக்குப் பதினொரு மணிக்கெல்லாம் வகுப்பு முழுக்கப் 'பெரட்டு' பரவிவிட்டது. அவளும் சிரித்துக்கொண்டாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? பதினாறு பேரில் தோட்டத்திலிருந்து வந்தவர்கள் மூன்றே பேர்தான்.

நான் பிரேமினி. கந்தப்பளை பஜாரில் எங்கள் அப்பாவுக்குக் கடை. வாளி, கயிறு, மழைச் சப்பாத்து, கொழுந்து எடுக்கிற பெண்கள் மழையில் நனையாமலிருக்க இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்கு, எல்லாம் விற்போம். நிலக்ஷியின் தோட்டம் கந்தப்பளைக்கு மேலே. அவள் ஆறு மணி பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தைத் தாண்டித்தான் எங்கள் வான் தினமும் நுவரெலியாவுக்குப் போகும். பஸ் பிந்திய நாட்களில் அவள் நிற்பது தெரியும். கை காட்டிவிட்டுப் போவேன். ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

எனக்கு அவள் தேவைப்பட்டது வேறு விஷயத்துக்கு. சுதாகரன் சேர் பாடம் நடத்துவது என்பது திரையில் உள்ளதை வாசிப்பது. கிளாஸ், ஒப்ஜெக்ட், கலெக்‌ஷன் என்று வாசித்துக்கொண்டே போவார். கேள்வி கேட்டால் அதே வரியைச் சத்தமாக வாசிப்பார். எனக்கு ஒரு மண்ணும் ஏறவில்லை. நிலக்ஷியிடம் கொம்பியூட்டர் கிடையாது. சிஆர் கொப்பியில் புரோகிராமைப் பேனாவால் எழுதி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பாள். அப்படி எழுதியதை என் லெப்டொப்பில் அடித்தால் முதல் தடவையிலேயே ஓடும். பார்க்கப் பார்க்க எரிச்சலாக வரும்.

ஆகவே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். மத்தியானம் மாடிப்படியில் என் லெப்டொப்பை அவள் பாவிக்கலாம். பதிலுக்கு எனக்குச் சொல்லித் தர வேண்டும், என் பயிற்சிகளையும் முடித்துத் தர வேண்டும்.

"என்னங்க, எந்த எடம் வெளங்கலை?" என்றாள் முதல் நாள்.

"என்னடி 'ங்க'? நான் என்ன உன் தோட்டத்துத் தொரையா? நீ, வா, போன்னு பேசு."

அவள் வாயில் அந்த 'நீ' வருவதற்கு மூன்று வாரம் பிடித்தது. வந்த பிறகு மிகவும் சந்தோஷப்பட்டவள் அவள்தான் என்று நினைக்கிறேன்.

லிஸ்ட் ஒன்றை உருவாக்கும்போது, உள்ளே போடப்போவது என்ன வகை என்று முதலிலேயே எதற்கு எழுத வேண்டும் என்பது என் தலைக்குள் ஏறவேயில்லை.

"கொழுந்து நிறுக்கிற எடம் பாத்திருக்கியா?" என்று கேட்டாள்.

"நான் ஏன் பாக்கணும்?"

"தராசுல வைக்க முன்னாடி கங்காணி சாக்குக்குள்ள கைய விட்டுக் கிண்டிப் பாப்பாரு. ரெண்டு எலையும் மொட்டும்னா சரி. முத்தல் எல கெடந்தா அந்த எடத்துலயே எடுத்து எறிஞ்சிருவாரு. எறியாம பெக்டரிக்குப் போயி மெசினுக்குள்ள விழுந்த பொறகு முத்தல்னு தெரிஞ்சா என்னா செய்யறது? மொத்தத் தூளும் பாழ். இந்த லிஸ்ட்டும் அப்பிடித்தான். இது கொழுந்துக்குன்னு முன்னாடியே எழுதிட்டா, வேற எதப் போட்டாலும் புரோகிராம் ஓடறதுக்கு முன்னாடியே தூக்கி எறிஞ்சிரும்."

மூன்று வாரமாக சேர் வாசித்தும் விளங்காதது மூன்று நிமிடத்தில் விளங்கியது. மறுநாளே படியில் உட்கார்ந்திருந்த மற்றவர்களும் அவளைச் சூழ்ந்துகொண்டு, "பெரட்டு, அந்தக் கங்காணி கதையச் சொல்லு" என்று கேட்டார்கள். எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்தாள். கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாத பிறவி.

வகுப்பு முடிவில் காட்ட வேண்டிய அவளுடைய இறுதிப் புரோகிராமும் கொழுந்து நிறுவைதான். ஒவ்வொரு தொழிலாளியும் ஓர் ஒப்ஜெக்ட். முதல் ஒப்ஜெக்ட்டுக்கு வேலாயி என்று தன் அம்மாவின் பெயரையே வைத்திருந்தாள். ஒவ்வொருவருக்கும் நாளுக்கு மூன்று நிறுவை. அவற்றை ஸ்டெக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பிழையாகப் பதிந்துவிட்டால் கடைசியாகப் போட்டதை மட்டும் மேலிருந்து எடுத்துத் திருத்தலாம்.

"சும்மா லிஸ்ட்டே போதுமே, எதுக்கு ஸ்டெக்?" என்றேன்.

"லிஸ்ட்டுல நடுவுல கைய விட்டு மாத்தலாம். ஸ்டெக்குல முடியாது. மேல வைக்கலாம், மேல இருந்து எடுக்கலாம். அடியில கை வைக்கக் கூடாது. அடியில உள்ளதத் தொடணும்னா மேல உள்ள அத்தனையையும் எல்லாரும் பாக்க எறக்கணும். அப்ப, காலையில எங்கம்மா போட்ட எடைய மத்தியானம் எவரும் சத்தமில்லாம கொறைக்க முடியாதில்ல?"

'அடியில கை வைக்கக் கூடாது' என்று சொல்லும்போது, உட்கார்ந்திருந்த படியை உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்தப் புரோகிராம் அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்பதும் எனக்குத் தெரியும். தெரியாது என்று நான் தப்பிக்க முடியாது. அவளுக்கு அப்பா இல்லை. அம்மா வேலாயிக்கு வயதாகி, அந்த மாதக் கடைசியோடு தோட்டத்தில் வேலை முடிகிறது. அவர்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம்: வீட்டில் ஒருவராவது செக்ரோலில், அதாவது தோட்டத்துப் பேர்ப் பதிவில், இருந்தால்தான் தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பரா அவர்களுக்கு. இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். கொழும்பு மென்பொருள் நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு மேடம் வந்து வாய்மொழிப் பரீட்சை வைத்து, எங்கள் வகுப்பிலிருந்து ஒரே ஒருவரைப் பயிற்சிக்கு எடுக்கப்போவதாக சேர் சொல்லியிருந்தார்.

"எனக்குக் கெடைச்சா அம்மாவக் கூட்டிக்கிட்டுக் கொழும்புக்கே போயிருவேன். ஒரு சின்ன ரூம் போதும். கெடைக்காட்டி ஒண்ணாந் தேதி என் பேரு செக்ரோல்ல ஏறும். ஒரு தடவ ஏறினா எறங்காது பிரேமி."

"ஒனக்குக் கெடைக்காம வேற யாருக்குடி கெடைக்கப் போகுது?" என்றேன். அதைச் சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னேன்.

பரீட்சை நாளில் பைல்களை வாங்கி அடுக்கி வைக்கிற பொறுப்பை சேர் என்னிடம் கொடுத்திருந்தார். கதவு திறந்தவுடன் நிலக்ஷி வந்து புரோகிராம் உள்ள தன் நீலநிறப் பைலை என் கையில் கொடுத்தாள். மழையில் நனையாமல் இருக்க இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். அதை மேசையில் வைத்தேன். அடுத்து லோஜன், பிறகு தனுஷிகா. மூன்று தோட்டத்துப் பிள்ளைகளும் முதல் மூன்று பேர். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள். இவர்களுக்கு எதுவென்று பார்க்காமல் முந்தித்தான் பழக்கம். பிறகு டவுன் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஆடி அசைந்து வந்தார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே போனேன்.

ஐந்தாறு பைல் வரைக்கும் அது தற்செயல்தான். சத்தியமாகச் சொல்கிறேன். அப்போது சேர் வந்து சொன்னார்: "ஆளுக்கு இருபது நிமிசம். மேடத்தோட வான் ரெண்டு மணிக்கு வெளிக்கிடணும், பின்னேரம் கொழும்பு போற வழியில றம்பொடைப் பக்கம் மூடுபனி இறங்கிரும். எல்லாரையும் பாக்கக் கிடைக்குமோ தெரியாது."

நான் அடுக்கைப் பார்த்தேன். மனதுக்குள் கணக்குப் போட்டேன். நிலக்ஷி சொல்லித் தந்த பாடம் அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

எனக்கு அந்த வேலை தேவையே இல்லை. கடை இருக்கிறது, வீடு இருக்கிறது, அப்பா ஒரே பிள்ளை என்று தாங்குகிறார். ஆனால் அவள் கொழும்பிலிருந்து லீவுக்கு வந்து, கழுத்தில் ஒபிஸ் அட்டை தொங்க, எங்கள் கடை வாசலில் பஸ்ஸை விட்டு இறங்குவதையும், நான் உள்ளே வாளி அடுக்கிக்கொண்டிருப்பதையும் நினைத்துப் பார்த்தேன். வயிறு எரிந்தது. என் பைலைக் கையிலேயே வைத்திருந்து, பதினைந்தும் வந்து சேர்ந்த பிறகு எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

ஜெயந்தினி மேடம் ஒன்பதரைக்கு வந்தார். மேலே இருந்த பைலை எடுத்தார். என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்.

நல்ல மனுஷி. சிரித்த முகம். வகை குறித்த கலெக்‌ஷன் எதற்கு என்று கேட்டார். நான் கங்காணியைக் கூப்பிட்டேன். சாக்கைக் கிண்டச் சொன்னேன். முத்தலைத் தராசடியிலேயே எறியச் சொன்னேன். மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"இவ்வளவு அழகா எவருமே சொன்னதில்லை. உங்க வீட்டில கொழுந்து எடுக்கிறவங்களா?"

நான் தலையைக் குனிந்து சிரித்தேன். இல்லை என்று சொல்லவில்லை. தேயிலைச் செடியை நான் வான் ஜன்னலால்தான் பார்த்திருக்கிறேன்.

பதினொன்றரைக்குத் தேநீர் இடைவேளை. ஆறு பேர் முடிந்திருந்தார்கள். மேடம் வெளியே போனதும் நிலக்ஷி என்னிடம் ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பிரேமி, என் பைலு அடியில கெடக்குடி."

"மொத ஆளா குடுத்தா அடியிலதான் கெடக்கும்."

"மிச்சம் உள்ளத மட்டும் ஒரு தடவ திருப்பி வச்சிரு. மேடம் வர முன்னாடி வச்சிரலாம். ஒரு நிமிசங்கூட ஆகாது."

ஆகாதுதான். இரண்டு கையாலும் தூக்கிக் கவிழ்த்தால் முடிந்தது. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஸ்டெக்குடி," என்றேன். "அடியில கை வைக்கக் கூடாது. நீதானே சொல்லிக் குடுத்த?"

அவள் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்றுதான் நினைத்தாள். "வெளையாடாதடி, நேரமில்ல" என்று என் முழங்கையைத் தொட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டாள்.

அந்நேரம் சேர் உள்ளே வந்தார். அவள் நேராக அவரிடம் போனாள்.

"சேர், நான்தாங்க மொதல்ல குடுத்தேன். என்னயக் கடைசியில வச்சிருக்காங்க."

"என்ன பிரேமினி?"

"வந்த ஒழுங்கு மாறாமத்தான் சேர் அடுக்கியிருக்கேன். ஒருத்தரோடதையும் நான் மாத்தலை."

ஒரு சொல் பொய்யில்லை. என் வாழ்நாளில் நான் சொன்ன மிகக் கேவலமான வாக்கியம் அதுதான், முழுக்க முழுக்க உண்மை.

"பிறகென்ன?" என்றார் சேர், அவள் பக்கம் திரும்பி. "மேடம் வந்திருக்கிற நாள்ல வரிசைக்குச் சண்டை பிடிக்காத. இது உங்க லயத்துத் தண்ணிப் பைப் இல்லை."

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சத்தம் வராமல். அவள் மேடத்திடமே போய்ச் சொல்லியிருக்கலாம். போகமாட்டாள் என்று எனக்குத் தெரியும். பேர் கூப்பிடும்போது குறுக்கே பேசியவர்களுக்கு என்ன நடக்கும் என்று பார்த்து வளர்ந்தவள். சுவரோரமாகப் போய் நின்றாள். உட்காரவில்லை.

இரண்டு மணியாகும்போது பதின்மூன்று பேர் முடிந்திருந்தார்கள். மேசையில் மூன்று பைல் மிச்சம். தனுஷிகா, லோஜன், நிலக்ஷி. மேடம் கடிகாரத்தைப் பார்த்து, உண்மையாகவே வருத்தப்பட்டு, "மற்ற மூணு பேரும் கோவிச்சுக்காதீங்க, சேர் உங்கட வேலையை ஈமெயில்ல அனுப்புவார்" என்றார். சேர் தலையாட்டினார். அவர் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தாலும் இடம் ஒன்றுதான், அது போய்விட்டது.

மேடம் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு என் பெயரைச் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். "இவ எனக்கொரு கங்காணி கதை சொன்னா," என்று தொடங்கி, சாக்கு, முத்தல், தராசு, பெக்டரி என்று முழுவதையும் ரசித்து ரசித்துச் சொன்னார்.

அறையில் பதினாறு பேர் இருந்தோம். அது யாருடைய கதை என்று தெரியாத ஒருவர்கூட இல்லை. எல்லோரும் அதே படியில் உட்கார்ந்து அவளிடம் கேட்டவர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேடம் கை தட்டச் சொன்னார், தட்டினார்கள். நிலக்ஷியும் தட்டினாள். யாரோ பின்னாலிருந்து மெதுவாக, "பெரட்டு, ஒனக்கு இன்னைக்குப் பேர் இல்ல" என்றார்கள்.

அவள் நீலப் பைலை எடுத்து அதே இரண்டு பொலித்தீன் பைகளிலும் சுற்றினாள். என்னைப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். சண்டைக்கு வருவாள் என்று பதில்களெல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஒன்றுக்கும் வேலையில்லாமல் போய்விட்டது. அதற்கும் எனக்கு அவள்மீதுதான் கோபம் வந்தது.

ஒன்றாம் தேதி அவள் பேர் செக்ரோலில் ஏறியது என்று தனுஷிகா சொன்னாள். நான் அந்தக் கிழமைதான் கொழும்புக்குப் போனேன்.

கொழும்பு எனக்குச் சரிப்படவில்லை. வெயில் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால் எனக்கு வேலை தெரியவில்லை. இரண்டாம் நாளே ஒரு பிழையில் மாட்டிக்கொண்டு நிலக்ஷிக்கு வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பி, 'இது ஏன்டி ஓடலை?' என்று கேட்டேன். பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. 'என்ன திமிர்' என்று நினைத்தேன். நான்காம் மாதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா கோபிக்கவில்லை. "கடை இருக்கு, ஒனக்கென்ன?" என்றார். அந்த இடத்துக்கு நிறுவனம் வேறு யாரையோ, வேறு ஊரிலிருந்து எடுத்துக்கொண்டது.

போன மாதம், மழை பிடித்த ஒரு நாள், தோட்டத்துப் பெண்கள் நாலு பேர் கடைக்கு வந்தார்கள். மூன்று பேர் மேசையோரம் நெருங்கி வந்து சப்பாத்தும் கயிறும் கேட்டார்கள். நாலாவது ஆள் வாசலோடு ஒதுங்கிக் கடைசியில் நின்றாள். நிலக்ஷி. தலையில் துணி, விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை பிடித்துக் கறுத்திருந்தது. மற்ற மூவரும் வாங்கி முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள். எங்கேயும் முதல் ஆளாக நிற்கிறவள்.

"ஒரு படங்கு குடுங்க," என்றாள்.

எங்கள் கடையில் படங்குகளை மடித்து ஜன்னலோரம் அடுக்கி வைத்திருப்போம். மேலே கிடப்பது வெயிலும் தூசியும் பட்டு வெளுத்து, மடிப்பில் வெடித்திருக்கும். மாதக்கணக்காக எவரும் அதை எடுப்பதில்லை. நான் அடுக்கின் அடியில் கையை விட்டுப் புத்தம்புதிதாக ஒன்றை உருவி அவள் முன்னால் வைத்தேன். அவளுக்கு நான் செய்கிற ஒரு நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் முகம் மலரும் என்றுகூட எதிர்பார்த்தேன். அவ்வளவு வெட்கங்கெட்டவள் நான்.

"எப்பிடிடி இருக்க?" என்றேன். "இது நல்லது. தண்ணி எறங்காது."

அவள் அதைத் தொடவில்லை.

"மேல உள்ளதையே குடுங்க. அடியில கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. தெரியாத கடையில் தெரியாத முதலாளியின் மகளிடம் பேசுகிற மாதிரி, மரியாதையாகத்தான் சொன்னாள்.

"அது வெடிச்சிருக்கே புள்ள, மழையெல்லாம் உள்ள எறங்குமே," என்றாள் கூட வந்த பெண்களில் ஒருத்தி.

"பரவால்லக்கா," என்றாள் நிலக்ஷி. வெளுத்துப்போனதை எடுத்து, அங்கேயே விரித்து இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டாள். மடிப்பில் இருந்த வெடிப்பு இடுப்புக்கு நேராக வாயைத் திறந்தது. காசை மேசையில் வைத்துவிட்டு, அதோடு மழையில் இறங்கிப் போனாள்.

உள்ளேயிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். அடுக்கின் மேலே அது இல்லாததைக் கண்டுகொண்டார்.

"அந்த வெடிச்சத ஒரு வழியா தள்ளிட்டியா?" என்றார் சந்தோஷமாக. "கெட்டிக்காரிதான் நீ."